முந்திரிக்கொட்டை கொடுத்த சீட்டு

சலவைத் தொழிற்சாலை வாசலில் அந்த மெஷினைக் கொண்டுவந்து நிறுத்தியபோது அதற்கு ஏதோ நீளமான பெயர் சொன்னார்கள். அது யார் வாயிலும் நுழையவில்லை. கேட்காமலே முந்திக்கொண்டு சொல்கிறதே என்று பெண்கள் அதற்கு முந்திரிக்கொட்டை என்று பெயர் வைத்துவிட்டார்கள். காலையில் உள்ளே போகும்போது அதன் கண்ணாடியில் உள்ளங்கையை வைக்க வேண்டும். அன்றைக்கு நடக்கப்போகிறதில் ஏதாவது ஒன்றை அச்சடித்து, நாக்கை நீட்டுகிற மாதிரி ஒரு சீட்டை நீட்டும். முக்கால்வாசி நாள் 'இன்று ஒன்றும் இல்லை' என்றுதான் இருக்கும். சில நாள் 'தலைவலி வரும்', 'செருப்பு அறுந்துபோகும்' என்று வரும். அது சொல்லி ஒன்றுகூடப் பிசகினதில்லை.

வாசலில் பலகை வைத்திருந்தார்கள். 'சீட்டைப் படித்துவிட்டு உள்ளே வருவது அவரவர் பொறுப்பு.' சீட்டில் கெட்டது இருந்தால் திரும்பி வீட்டுக்குப் போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் மூன்று தடவை போனால் வேலைப் பட்டியலில் பெயர் இருக்காது.

அங்கே வேலை செய்த பெண்களில் பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. அவர்கள் சீட்டெல்லாம் வாத்தியாரம்மாவிடம் வரும். அவள் வாத்தியாரும் இல்லை, ஒன்றும் இல்லை. சூட்டு உருளையில் ஈரத்துணி விடுகிறவள். நாற்பது வயதுக்கு மேல், படுக்கை விரிப்புகளின் ஓரத்தில் அச்சடித்திருக்கும் ஆஸ்பத்திரிப் பெயர்களை எழுத்துக் கூட்டிக் கூட்டியே படிக்கக் கற்றுக்கொண்டாள். அதற்குத்தான் இந்தக் கிண்டல் பட்டம். அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

அன்றைக்கு முதலில் தன் சீட்டைத்தான் படித்தாள்.

'பதினொரு மணிக்கு உருளையில் கை போகும்.'

இன்னொரு தடவை எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஏற்கெனவே இரண்டு தடவை திரும்பிப் போயிருக்கிறாள், ஒரு தடவை காய்ச்சலுக்கு, ஒரு தடவை படியில் வழுக்கி விழுவதற்கு. இன்றைக்குப் போனால் போனதுதான். சீட்டை மடித்து ரவிக்கைக்குள் செருகினாள். அதற்குள் மற்றவர்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

"எனக்கு என்ன போட்டிருக்கு? எங்க மாமியார் போய்ச்சேருவாங்கன்னு போட்டிருக்கா பாரு."

"உனக்குப் பல்லு வலிக்கும்னு போட்டிருக்கு. அவங்க நல்லாத்தான் இருப்பாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். வாத்தியாரம்மாவின் நாத்தனார், கணவனின் கூடப்பிறந்த தங்கை, தன் சீட்டை நீட்டினாள். உருளையின் பின்பக்கம் துணி மடிக்கிறவள்.

"அண்ணி, எனக்கு?"

"மதியம் நீண்ட தூக்கம்."

"வேலை நேரத்துல தூங்கப்போறாளாம்டி! எல்லாம் அண்ணன் கொடுத்த செல்லம்!"

"எங்கண்ணனை இழுக்காதீங்க. அது கல்யாணம் ஆன நாள்லேருந்து தூக்கத்தையே மறந்துடுச்சு," என்று நாத்தனார் அண்ணியைக் கடைக்கண்ணால் பார்த்தாள். "உனக்கு என்ன அண்ணி போட்டிருக்கு?"

"ஒண்ணுமில்ல."

உருளை என்றால் சாதாரண உருளை இல்லை. ஆள் நீளத்துக்குப் படுத்துக்கிடக்கும் இரண்டு இரும்பு உருளைகள், இரண்டும் கொதிக்கும். ஈர விரிப்பின் இரண்டு முனையை இரண்டு பேர் பிடித்து அதன் வாயில் விட வேண்டும். அந்தப் பக்கம் அப்பளம் மாதிரி வரும். வாய்க்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி. விரல் பட்டால் உருளை நின்றுவிடும். அது சும்மா சும்மா நிற்கிறது, வேலை கெடுகிறது என்று சூப்பர்வைசர் அந்தக் கம்பியைத் துணிக்கிழிசலால் இழுத்துக் கட்டி எத்தனையோ வருஷம் ஆயிற்று. கம்பியைச் சரிபண்ண ஆள் வரவில்லை. கை எப்போது போகும் என்று சொல்வதற்கு மெஷின் வந்துவிட்டது.

வாத்தியாரம்மா கணக்குப் போட்டாள். என் சீட்டில் கை போகிறது. நாத்தனார் சீட்டில் தூக்கம்தான். அவள் உருளைக்கு முன்னால் நின்றால் அவளுக்கு ஒன்றும் ஆகாது. நான் பின்னால் போய் மடித்தால் எனக்கும் ஆகாது. ஒருவேளை ஆனால்? மனசின் ஒரு மூலையில் அந்தக் கேள்வி எட்டிப் பார்த்தது. அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

"ஏம்மா, எனக்கு இடுப்புப் பிடிச்சிருக்கு. இன்னைக்கு ஒரு நாள் நீ முன்னாடி நில்லேன்."

"எங்கண்ணன்கூடச் சண்டை போடறப்ப இடுப்பு நல்லாத்தானே வளையுது?" என்றாள் நாத்தனார். சொன்னாளே தவிர மறுக்கவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முன்பக்கம் போய்விட்டாள்.

பத்தரை வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. அதற்கப்புறம் வாத்தியாரம்மாவின் கண் சுவர்க் கடிகாரத்தை விட்டு நகரவில்லை. மடிப்புகள் கோணிக்கொண்டு போயின. பதினொன்றுக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போதுதான் அது அவள் மண்டையில் உறைத்தது. முந்திரிக்கொட்டை பொய் சொல்லாது. தன் கை இரண்டும் உருளைக்கு எட்டாத தூரத்தில் துணி மடித்துக்கொண்டிருக்கின்றன. கை போகும் என்றுதான் சீட்டில் இருந்தது. உன் கை என்று எங்கே இருந்தது?

"கையை எடுடி!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

நாத்தனார் திரும்பினாள். "என்ன அண்..."

அந்த ஒரு திரும்பலில் ஈரத்துணி அவள் விரல்களைச் சுற்றிக்கொண்டது. உருளை துணியை இழுத்தது. துணி கையை இழுத்தது. உருளையை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் அந்தக் கோடியில் இருந்தது. கூட நின்றவள் ஓடிப்போய் அமுக்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மதியம் முழுக்க நாத்தனார் மயக்க மருந்தில் கிடந்தாள். நீண்ட தூக்கம்தான். ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு வந்த சூப்பர்வைசர் நின்றபடியே, "சீட்டைப் படிச்சிட்டுத்தானே உள்ள வந்தாங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போனார். உடன் வேலை செய்தவர்கள் வாத்தியாரம்மாவின் முதுகைத் தடவினார்கள். "நீ கத்தினதாலதான் கொஞ்சமாவது பின்னாடி இழுத்தா. மணிக்கட்டோட போச்சு. இல்லன்னா முழங்கை வரைக்கும் போயிருக்கும்." அவள் தலையை ஆட்டினாள்.

மறுநாள் சாயங்காலம் வாத்தியாரம்மாவின் கணவன் மருந்து வாங்கக் கீழே போயிருந்தான். கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் தூக்கிவைத்துக்கொண்டு நாத்தனார் விழித்துக் கிடந்தாள்.

"அண்ணி."

"சொல்லும்மா. தண்ணி வேணுமா?"

"நான் உன் முகத்தைப் பாத்தேன். துணி என் விரலைப் பிடிக்கறதுக்கு முன்னாடியே நீ கத்திட்டே. எப்படித் தெரிஞ்சது?"

"ஏதோ மனசுக்குப் பட்டுது."

"உன் சீட்டு எங்கே?"

எடுக்காமல் இருந்திருக்கலாம். கிழித்துக்கூடப் போட்டிருக்கலாம். ஆனாலும் கை தானாக ரவிக்கைக்குள் போயிற்று. இவளுக்குத்தான் எழுத்துத் தெரியாதே. வியர்வையில் நைந்துபோன சீட்டை விரித்து, குரலை நிதானப்படுத்திக்கொண்டு படித்தாள்.

"இன்று ஒன்றும் இல்லை."

நாத்தனார் இடது கையை நீட்டி அதை வாங்கினாள். கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லைங்கறது இவ்வளவு நீளமா அண்ணி?"

வாத்தியாரம்மா போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

"எனக்குப் படிக்கத்தான் தெரியாது. கண்ணு தெரியும். நாலு வருஷமா வாங்கற சீட்டு. ஒண்ணுமில்லைன்னா பாதியிலேயே நின்னுடும். இது ஓரம் வரைக்கும் போயி ரெண்டாவது வரிக்கும் வந்திருக்கு. இப்பப் படி."

வாத்தியாரம்மா படித்தாள். முதன்முதலில் எழுத்துக் கூட்டின நாள் மாதிரி நாக்குத் தடுக்கித் தடுக்கிப் படித்தாள்.

"யாரு கைன்னு போட்டிருக்கு?"

"போடல."

"நீ யாரு கைன்னு நினைச்சே?"

"என் கைன்னுதான்மா நினைச்சேன். சத்தியமா. உன் சீட்டுல வெறும் தூக்கம்தானே இருந்துச்சு, உனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு..."

"அப்போ எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ நின்னிருப்பியா?"

வாய் தவறி வந்துவிட்டது. வந்த பிறகு அதை எங்கே திருப்பி விழுங்குவது? நாத்தனார் சீட்டைப் போர்வைமேல் வைத்தாள். மூச்சை இழுத்து விட்டாள். கோபம் வந்து ஏசியிருந்தால்கூட வாத்தியாரம்மா ஏற்றுக்கொண்டிருப்பாள். ஏசவில்லை. கதவைப் பார்த்தபடியே கிடந்தாள்.

கதவைத் திறந்துகொண்டு அவன் மருந்துப் பையோடு வந்தான். சீட்டை எடுக்க வாத்தியாரம்மா கை நீட்டுவதற்குள் நாத்தனார் அதை இடது கையால் கசக்கிப் போர்வைக்குள் தள்ளிக்கொண்டாள்.

"என்ன, ரெண்டு பேரும் பேசிட்டிருந்தீங்களா?"

"ஆமாண்ணே." நாத்தனார் அண்ணியின் பக்கம் திரும்பவில்லை. "அண்ணி மட்டும் கத்தலைன்னா முழுக்கையும் போயிருக்கும். அதைத்தான் சொல்லிட்டிருந்தேன்."

அவன் கண் கலங்கிவிட்டது. கட்டிக்கொண்ட இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் செய்யாததை அன்றைக்குச் செய்தான். பையைக் கீழே வைத்துவிட்டு, மனைவியின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டான். விட மாட்டேன் என்கிறான். அவள் அந்தக் கைகளை உருவவும் முடியாமல், கட்டிலைப் பார்க்கவும் முடியாமல் நின்றாள்.