சபர் மாதத்துத் தொட்டில்

“தாகா! தொட்டிலயும் தா, அதுக்குள்ள கிடக்கிற என்ட மகன்ட அழுகையயும் தா!” என்று நாச்சியா வேலிக்கு மேலால் கத்தியபோது, எங்கள் ஒழுங்கையில் பாதிப்பேர் ஏற்கெனவே வேலியோரம் வந்து சேர்ந்திருந்தார்கள். மீதிப்பேர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்துகொண்டிருந்தார்கள்.

“தொட்டில் வேணுமெண்டா கழட்டிட்டுப் போ. அழுகையத் தனியாப் புடைச்சு எடுத்துத் தர இது என்ன நெல்லாகா?” என்றாள் ஆயிஷா உம்மா, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு.

“நான் தந்தது வெறுந்தொட்டில்.”

“வெறுந்தொட்டில் எண்டா இப்ப எதுக்கு மகன்ட அழுகையக் கேக்காய்? ஒண்டில் வெறுந்தொட்டில் எண்டு சொல்லு. இல்லாட்டி உள்ளுக்கு ஆளிருக்கு எண்டு சொல்லு. ரெண்டயும் சொல்லாத.”

தொட்டிலுக்குள் பிள்ளை இல்லை. பிள்ளை இன்னும் ஆயிஷா உம்மாவின் மகள் றபீக்காவின் வயிற்றில்தான் இருந்தது. அழுகை மட்டும் முன்கூட்டியே வந்துவிட்டது. இந்தச் சண்டை நடந்துகொண்டிருந்தபோதும் உள்ளே அது பசித்த பிள்ளையைப் போல வீரிட்டுக்கொண்டுதான் இருந்தது. நிறைமாதத்துக்குக் கிட்டிய றபீக்கா குசினிப் படியில் குந்தி, கன்னத்தில் கையை வைத்தபடி இரண்டு பெண்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது எங்கள் மரியாதைக்குச் சொல்வது. கண்ணைத் திறந்துகொண்டே தூங்கிக்கொண்டிருந்தாள் என்பதுதான் உண்மை.

எழுபத்தெட்டாம் ஆண்டு நவம்பர் மாதத்துச் சூறாவளி மருதமுனையின் கூரைகளைக் கொண்டுபோனதற்கு அடுத்த வருடம் நடந்த கதை இது. றபீக்காவின் புருஷன் ஜெமீல் கைத்தறிக்காரன். அவனுடைய தறிக்குழிக்குள் மழைவெள்ளம் நின்று, வற்றி, சேறு கட்டியது. குழியைத் தோண்டித் தறியை நிமிர்த்தியபோது கல்முனைக் கடைகளில் வெளிநாட்டுச் சீலைகள் வந்து குவிந்திருந்தன. இடுப்பில் கட்டுகிற மருதமுனைச் சாரனைத் தொட்டுப் பார்க்கக்கூட ஆளில்லை. கல்யாணம் முடித்துப் பல வருடம் காத்திருந்த றபீக்காவுக்கு அந்தக் காலத்தில்தான் வயிறு திறந்தது. ஆயிஷா உம்மா மருமகனைக் கூப்பிட்டு, ஒரு சாமானும் புதிதாக வாங்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். “புள்ளைக்கு என்ன மனெ தெரியும், புதுசும் பழசும்? அது வந்து கடைப்பேரா கேக்கப்போகுது?” ஜெமீல் வழக்கம்போல ஓம் என்றான். அந்த வீட்டில் அவன் அதற்கு மேல் ஒரு சொல் சொல்லி நாங்கள் கேட்டதில்லை.

ஆனால் இரவல் வாங்குவதும் அந்த வருடம் இலேசான காரியமில்லை. கூரையில்லாத ஊரில் என்ன நடந்ததோ, எந்த வீட்டைப் பார்த்தாலும் ஒருத்தி பிள்ளைக்கு நின்றாள். ஒரு தொட்டிலுக்கு நான்கு வீட்டார் சொல்லிவைத்திருந்தார்கள். ஆயிஷா உம்மா யோசித்தாள். சபர் மாதம் பிறந்திருந்தது. அந்த மாதத்தில் எங்கள் ஆட்கள் கல்யாணம் பேசமாட்டார்கள், வீடு மாறமாட்டார்கள், பிறக்கப்போகிற பிள்ளைக்கென்று ஒரு துண்டுத் துணியைக்கூட வாசலைத் தாண்டிக் கொண்டுவரமாட்டார்கள். மாதத்தின் கடைசிப் புதனான ஒடுக்கத்துப் புதன் கழிந்து, பீடை முசீபத்தெல்லாம் ஊரைவிட்டுப் போன பிறகுதான் எல்லாம். ஆகவே சபரில் போட்டிக்கு ஆளில்லை. மழைநாளில் ஆளில்லாத நேரம் பார்த்து மீன்கரைக்குப் போகிறவளின் கெட்டித்தனம் அது. எதை எடுக்கக்கூடாது என்று ஊருக்கே பாடம் சொல்லும் ஆயிஷா உம்மா, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் சபரிலேயே எடுத்து வந்து சேர்த்தாள்.

சபரில் எடுத்த சாமான்கள் தனியே வரவில்லை. பிள்ளைக்குக் கீழே விரிக்கவென்று பாலமுனைச் சொந்தக்காரர் தந்த ரப்பர் சீற், வெயிலில் காயப்போட்டு எடுத்தாலும், பின்னேர அசர் தொழுகைக்குள் நனைந்து கிடந்தது. மீன் வியாபாரி வீட்டுக் குளிப்பாட்டும் பேசினில் தண்ணீர் ஊற்றினால், யாரோ காலால் அடித்தது மாதிரித் தண்ணீர் தெறித்து ஆயிஷா உம்மாவின் முக்காட்டை நனைத்தது. சதுரம் சதுரமாகக் கிழிப்பதற்குச் சம்மாந்துறையிலிருந்து வந்த பழைய சாரன்கள் எவ்வளவு துவைத்தாலும் கக்கிய பாலின் மணமாகவே மணத்தன. இதையெல்லாம் அந்த வீட்டார் பொறுத்துக்கொண்டார்கள். அடுத்த வீட்டு நாச்சியாவின் தொட்டிலைத்தான் பொறுக்க முடியவில்லை. சூறாவளி நாச்சியாவின் கூரையோடு அந்தத் தொட்டிலையும் தூக்கி, கூரையை எங்கேயோ கொண்டுபோய்விட்டு, தொட்டிலை மட்டும் முற்றத்தில் கீறல் இல்லாமல் இறக்கி வைத்திருந்தது. உறுதியான தொட்டில் என்று எல்லோரும் சொன்னார்கள். கொண்டுவந்து கட்டிய அன்றே நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பின் அழத் தொடங்கியது. இரவு இஷா வரைக்கும் அழுதது. அடுத்த நாளும் அப்படியே.

பள்ளிவாசல் லெப்பையை அழைத்து ஓதி ஊதினார்கள். லெப்பை ஓதும்வரைக்கும் அழுகை நின்று கேட்டது. அவர் தேத்தண்ணி குடித்துவிட்டு எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. ஆட்டினால் மட்டும் அடங்கும் என்று கண்டுபிடித்தார்கள். ஆனால் ஆட்டுவது யார்? கடைசியில் ஜெமீல் தறி மிதியிலிருந்து ஒரு கயிற்றை இழுத்துத் தொட்டிலில் கட்டினான். அவன் மிதித்தால் தொட்டில் ஆடும், ஆடினால் அழுகை நிற்கும். ஆகவே அவன் மிதிப்பதை நிறுத்த முடியாமல் போயிற்று. புதுநூல் வாங்க வழியில்லாததால் அறுந்த நூல்களை முடிந்து முடிந்து நெய்தான். சாரனுக்கும் ஆகாமல் துவாலைக்கும் ஆகாமல் முடிச்சு முடிச்சாக ஒரு சீலை தறியிலிருந்து இறங்கிக்கொண்டே இருந்தது. அப்படி உழைத்தும் சல்லிக்குப் பிரயோசனமில்லாத ஒரே நெசவாளி அந்த வருடத்தில் அவன்தான் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். அவன் காலையில் முகம் கழுவக் கிணற்றடிக்கு வரும்போது வாளியைக் கையில் பிடித்தபடி கொஞ்சநேரம் சும்மா நிற்பான். எதற்கு வந்தோம் என்பது மறந்துபோயிருக்கும்.

அழுகையைக் கேட்க வந்தவர்களில் நாச்சியாவும் ஒருத்தி. கேட்டதும் சிரித்தாள். “இது எங்கட மஜீட்தான். பசிச்சா இப்பிடித்தான், கடைசில ஒரு இழுப்பு இழுப்பான்.” மஜீட் அவளுடைய ஒரே பிள்ளை. பெண் பிள்ளை அவளுக்கு இல்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். ஆண் கல்யாணம் முடித்தால் மனைவி வீட்டில் போய் இருந்துவிடுவான். ஆகவே ஆணை மட்டும் பெற்றவளின் வீடு கடைசியில் அவளும் கோழிகளுமாகத்தான் முடியும். மஜீட் கல்யாணம்வரைக்கும்கூடக் காத்திருக்கவில்லை. மீசை முளைத்த கையோடு சவுதிக்குப் போய்விட்டான். விதவையான நாச்சியாவுக்கு முதலில் அந்த அழுகை பெருமையாக இருந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் மகன் குழந்தையாக இருந்தபோது எவ்வளவு பாரம் என்று சொன்னாள்.

பிறகு சவுதியிலிருந்து வந்த ஒருவர் ஒரு கசட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அந்தக் காலத்தில் எழுதப் பஞ்சிப்பட்டவர்கள் பேசிப் பதிந்து அனுப்புவார்கள். ஒழுங்கையின் கோடியில் ரேடியோ கசட் இருந்த வீட்டில் எல்லோரும் கூடி அதைப் போட்டோம். தடித்த குரலில் ஒரு ஆண் சலாம் சொன்னான், சூட்டைப் பற்றிச் சொன்னான், உம்மாவின் உடம்பை விசாரித்தான். நாங்கள் எல்லோரும் மஜீட்தான் என்றோம். நாச்சியா முழுவதும் கேட்டுவிட்டு எழுந்தாள்.

“ஆரோ ஒரு ஆம்பிளை கதைக்கான்,” என்றாள். “நல்ல புள்ளையாத்தான் இருக்கான். ஆனா என்ட மகன் அவனில்ல. என்ட மகன் ஆயிஷா உம்மாட ஊட்டுத் தொட்டிலுக்குள்ள கிடக்கான்.”

அடுத்த நாள் வேலிச் சண்டை.

சண்டையை முடித்தது றபீக்கா. படியிலிருந்து எழும்பாமலே, கத்தாமலே சொன்னாள்: “சாச்சி, தொட்டில் உங்கட. மகனும் உங்கட. எனக்கு ரெண்டும் வேணாம், நித்திரதான் வேணும். இஞ்ச வந்து நீங்களே ஆட்டுங்களன். புள்ள பொறந்த பொறகு ரெண்டயும் கொண்டுபோங்க. என்ட புள்ளைய நான் தரையில பாய போட்டு வளத்துறன்.”

நாச்சியா வேலியில் இடைவெளி விட்டிருந்த பொட்டால் நுழைந்து வந்து, ஜெமீலின் கயிற்றை அவிழ்த்து எறிந்துவிட்டுத் தொட்டிலடியில் குந்தினாள். அன்றைக்கு றபீக்கா அசரிலிருந்து மறுநாள் விடியல் சுபஹுவரைக்கும் தூங்கினாள். ஜெமீல் தறிக்குழிக்குள்ளேயே தலையைச் சாய்த்துத் தூங்கினான். ஆயிஷா உம்மா சம்பளமில்லாத ஆள் கிடைத்ததை எண்ணி, சாமான் இரவல் வாங்கியவள் இப்போது சண்டைக்காரியையும் இரவல் வாங்கிவிட்டாள் என்று நாங்கள் சொன்னதைக் கேட்டும் கேளாதவள் மாதிரி இருந்தாள். நாச்சியா தினமும் லுஹருக்குப் பின் வந்தாள். மகனுக்குப் பாடிய தாலாட்டையே பாடினாள். பிள்ளை பிறந்ததும் தொட்டில் தன் வீட்டுக்கு வரும் என்ற நம்பிக்கையில், அங்கே கூரை வளையில் அதற்குக் கொக்கியும் அடித்து வைத்திருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஆண்கள் எல்லோரும் ஜும்ஆவுக்குப் போயிருந்த நேரம் றபீக்காவுக்கு நோவு கண்டது. பாண்டிருப்பிலிருந்து மருத்துவிச்சி தங்கேஸ்வரி சைக்கிளில் வந்தாள். பாதி மருதமுனையைக் கையில் ஏந்தியவள் அவள். பிள்ளை சுகமாகத்தான் வந்தது. பெண் பிள்ளை. ஆனால் அழவில்லை. தங்கேஸ்வரி காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினாள், முதுகில் தட்டினாள், வாயைத் துடைத்து ஊதினாள். பிள்ளை நீலம் பூத்துக்கொண்டு வந்தது. தொட்டில் மட்டும் அந்த அறை நிறைய அழுதுகொண்டிருந்தது.

“என்ன சனமோ நீங்க,” என்றாள் தங்கேஸ்வரி, வியர்வை வடிய. “உள்ள அழுகையெல்லாம் இஞ்ச ஏற்கெனவே நிறைஞ்சுபோய்க் கிடக்கு. இந்தப் புள்ளைக்கு அழ எங்க இடமிருக்கு? அத நிப்பாட்டுங்க!”

ஆயிஷா உம்மா நாச்சியாவைப் பார்த்தாள். றபீக்கா பாயிலிருந்து “சாச்சி” என்று மட்டும் சொன்னாள்.

நாச்சியா தொட்டில் கயிற்றை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூடத்தில் இருந்தவர்கள் அவள் தொட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடப்போகிறாள் என்றே நினைத்தார்கள். அவள் குனிந்து, உள்ளே பார்த்து, “குடு மனெ,” என்றாள். “உனக்கு இப்ப தடிச்ச குரல் வந்திட்டு. இது உனக்கு இனிக் காணாது. அந்தப் புள்ளைக்குக் குடு.”

தொட்டிலின் அழுகை நின்றது. சமையலறையில் உலை கொதிக்கிற சத்தம் கேட்டது. பிறகு தங்கேஸ்வரியின் கையில் இருந்த பிள்ளை வாயைத் திறந்து, கடைசியில் ஒரு இழுப்போடு, மஜீட் அழுவதைப்போலவே அழுதது. பள்ளிவாசலிலிருந்து வந்துகொண்டிருந்த ஜெமீல் ஒழுங்கை முனையிலேயே அதைக் கேட்டு, தொட்டில்தான் இன்னும் அழுகிறது என்று நினைத்து, அவசரப்படாமல் நடந்து வந்தான். இதை அவன் மனைவி அவனுக்கு நெடுங்காலம் சொல்லிக்காட்டினாள்.

பிள்ளைக்கு ஜுனைதா என்று பெயர் வைத்தார்கள். தந்தை நெய்துவைத்திருந்த முடிச்சுச் சீலையில் அதைச் சுற்றினார்கள். ஒரு வீட்டின் கந்தல்களெல்லாம் ஒன்றாகத் திரண்டு பிறந்தது மாதிரி இருந்தாலும் பிள்ளை அழகுதான். ரப்பர் சீற் அதன் பிறகு ஒழுங்காகக் காய்ந்தது, பேசின் அடங்கியது. தொட்டிலைத் திருப்பித் தா என்று நாச்சியா கேட்கவில்லை. அழுகையில்லாத தொட்டிலை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்ய? ஆனால் ஜுனைதா அழும்போதெல்லாம் வேலிப் பொட்டால் வந்துவிடுவாள். பெற்றவளுக்கு முன் அவள் நிற்பாள். ஜுனைதா நடந்து, பேசி, அழுவதைக் குறைத்து, பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது நாச்சியாவும் வருவதைக் குறைத்துக்கொண்டாள். தொட்டில் ஆயிஷா உம்மாவின் வளையில் ஏறிப் புழுதி பிடித்தது. யாரும் ஆட்டாமலே சில மத்தியானங்களில் அது மெல்ல விம்மும். கேட்டவர்கள் மேலே ஒருமுறை பார்த்துவிட்டு அரிசியைக் களைவார்கள்.

மஜீட் எண்பத்துமூன்றில் வந்தான். கொண்டுவந்ததைக் கொண்டு ஒரு டிராக்டர் எடுத்தான். அடுத்த வருடம் சம்மாந்துறையில் கல்யாணம் முடித்து, வழமைப்படி மனைவி வீட்டுக்குப் போனான். நாச்சியாவும் கோழிகளும் மிஞ்சினார்கள். தங்கேஸ்வரி, தமிழர் ஊரான பாண்டிருப்புக்கும் எங்களுக்கும் இடையில் கலவரத்தால் பாதை மூடிய எண்பத்தைந்தாம் ஆண்டில் மட்டக்களப்புப் பக்கம் போனவள், திரும்பி வரவில்லை. அவளுக்குப் பிறகு இங்கே பிள்ளைகள் ஆஸ்பத்திரியில்தான் பிறந்தார்கள். அதே வருடக் கடைசியில், வீதி திறந்திருந்த ஒரு நாளில், மஜீட் டிராக்டர் பெட்டியோடு வந்து மனைவி பிள்ளைக்கு நிற்பதாகச் சொல்லித் தொட்டிலைக் கேட்டான்.

“சபர் மாசம் மனெ,” என்றாள் ஆயிஷா உம்மா. சபரில் எடுத்துப் பட்டவள் அல்லவா? “ஒடுக்கத்துப் புதன் கழியட்டும், பொறகு வா.”

நாச்சியா வேலிக்கு மேலால் கேட்டுக்கொண்டிருந்தாள். “இண்டைக்கே எடுத்துப் போ,” என்றாள். “சபர்லதான் எடுத்துப் போகணும்.”

மாவடிப்பள்ளி தாண்டும்போது டிராக்டர் பெட்டிக்குள் அழுகை கேட்டு, வயலில் நின்ற மாடுகள் தலையைத் தூக்கிப் பார்த்ததாக மஜீட் பின்னர் சொன்னான். அவனுக்கு மகன் பிறந்தான். பிறந்ததும் அழுதான். கடைசியில் ஒரு இழுப்பு இருந்தது. அந்தச் செய்தி கிடைத்த வாரம் நாச்சியா தன் வளவையும் வீட்டையும் ஜுனைதாவின் பெயருக்கு எழுதிவிட்டு, பாயைச் சுருட்டிக்கொண்டு, கோழிகளை ஒரு கூடையில் போட்டுக்கொண்டு சம்மாந்துறை பஸ்ஸில் ஏறினாள். இப்படியாக ஜுனைதாவுக்கு அழுகையும் இரவல், வீடும் பழசு என்று ஆயிற்று. ஆயிஷா உம்மா ஒரு பொருளையும் புதிதாக வாங்காமலே பேத்திக்கு வேண்டியதெல்லாம் தேடி முடித்துவிட்டாள்.

மாப்பிள்ளையின் உம்மா மருமகளின் வீட்டில் போய்க் குடியிருப்பது எங்கள் பக்கத்தில் நடக்காத காரியம். தொட்டில் அழுததைப் பற்றிச் சம்மாந்துறையில் ஒருவரும் பெரிதாகக் கதைக்கவில்லையாம். நாச்சியா போய் இருந்ததைத்தான் அங்கே நெடுநாள் கதைத்தார்கள்.