மூடியைப் பாப்பாதான் அறுப்பாள்

பாப்பாவுக்கு வயது நாற்பத்து நான்கு. தலை பாதி நரைத்துவிட்டது. ஆனாலும் வீட்டில் கடைசியாகப் பிறந்த பாவத்துக்கு அவள் இன்னும் பாப்பாதான். பட்டறையில் வேலை செய்பவர்கள்கூட "பாப்பாக்கா" என்றுதான் கூப்பிடுவார்கள். அதெல்லாம் பழகிப்போன விஷயம். வலது கையில் அடிபட்ட பிறகு எல்லோரும் அவளை நிஜமாகவே பாப்பாவாக நடத்த ஆரம்பித்தார்களே, அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சோற்றைப் பிசைந்து கொடுக்கட்டுமா என்று அண்ணி கேட்ட அன்று, தட்டை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய் இடது கையால் தின்றுவிட்டு வந்தாள்.

அந்த மரப்பட்டறை அப்பா அண்ணனுக்கும் அவளுக்கும் சேர்த்து விட்டுப்போனது. ஆர்டர் பிடிப்பது, மரம் வாங்குவது, வாடிக்கையாளர்களிடம் பல்லைக் காட்டுவது எல்லாம் அண்ணன். நுணுக்க வேலை பாப்பா. நகைப்பெட்டி, இழுப்பறை, கதவில் பூவேலை என்று வந்தால் கண்ணை மூடிக்கொண்டு அவளிடம் தள்ளிவிடுவார்கள். ஜன்னலோரம் இருந்த வேலைமேசை அவளுடையது. அதன்மேல் யாராவது டீ டம்ளரை வைத்தால்கூட அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

போன வருஷம் மெஷின் ரம்பம் அவள் வலது கையைக் கடித்துவிட்டது. விரல்கள் துண்டாகவில்லை, ஆனால் உள்ளே இருந்த நரம்பெல்லாம் அறுந்து, ஆஸ்பத்திரியில் ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்துத் தைத்தார்கள். தைத்த பிறகு மோதிர விரலும் சுண்டு விரலும் கோபித்துக்கொண்ட சம்பந்திகள் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றன. இனி இந்தக் கை இவ்வளவுதான் என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். அவர்கள் முடிவு கட்டுவதற்கு அவர்களுடைய கையா அது?

முடிவு கட்டாதவள் ஒரே ஒருத்திதான். ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கிற பிசியோ மேடம். பாப்பாவைவிடப் பல வயது சின்னவள், ஆனால் அதட்டலில் பெரிய ஜெயிலர். முதல் நாளே, "என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டாள். மரவேலை என்றதும் ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டவில்லை. "எந்தக் கருவியைப் பிடிக்கணும்? அடுத்த தடவை வரும்போது அதைக் கொண்டுவாங்க" என்றாள்.

பாப்பா தன் கை ரம்பத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். வாசலில் செக்யூரிட்டி பதறிப்போய்த் தடுத்தது வேறு கதை. அன்றிலிருந்து மேடம் அவளைச் சக்கையாகப் பிழிந்தாள். களிமண்ணைப் பிசை என்பாள். கிண்ணத்தில் கொட்டிய காய்ந்த பட்டாணியை ஒவ்வொன்றாகப் பொறுக்கு என்பாள். வலிக்கிறது என்றால், "வலிக்கட்டும், கையையே பாக்காதீங்க, வேலையைப் பாருங்க" என்பாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பாப்பா அவளை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வருவாள். மறுநாள் ஐந்து நிமிஷம் முன்னாடியே போய் உட்கார்ந்திருப்பாள்.

பயிற்சி முடியப்போகிறது என்றதும் மேடத்துக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று வீட்டில் பேச்சு வந்தது.

"கடையில புதுசா வந்திருக்கே, அந்தச் சுவர்க் கடிகாரம், அதைக் குடுத்துடலாம். பெருசா, பளபளன்னு இருக்கும்" என்றார் அண்ணன்.

"பெட்டி செஞ்சு குடுக்கப் போறேன்" என்றாள் பாப்பா.

"யாரு செய்வா?"

"நான்தான்."

அண்ணன் அண்ணியைப் பார்த்தார். அண்ணி சாம்பார்க் கரண்டியைப் பார்த்தாள்.

"பாப்பா, ஆசை இருக்கலாம். கை கேக்கணும்ல? நம்ம ஆளுங்ககிட்ட சொன்னா அம்சமா செஞ்சு குடுத்துடுவாங்க."

"அவங்க கையையா மேடம் சரி பண்ணாங்க? எனக்குச் சரி பண்ணாங்க. இந்தக் கை செஞ்சதைக் குடுத்தாத்தான் அது நன்றி."

அப்போதுதான் அண்ணன் மனதில் இருந்ததைப் போட்டு உடைத்தார். திங்கள்கிழமை ஒரு புது ஆள் வேலைக்கு வருகிறான். ஜன்னலோர மேசை அவனுக்கு. பாப்பா வாசலில் போன் எடுத்துக்கொண்டு, வருகிறவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டு, ஃபேன் காற்றில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கலாம்.

பாப்பா தட்டிலேயே கைகழுவிவிட்டு எழுந்தாள். "திங்கள்கிழமைதானே வரான்? அதுக்குள்ள பெட்டி முடிஞ்சிடும். முடிஞ்சதைப் பாத்துட்டு அப்புறம் அந்த மேசையைப் பத்திப் பேசுங்க."

"கோணலா வந்துச்சுன்னா?"

"வந்தா அப்ப பாத்துக்கலாம்."

உண்மையில் அவள் அதற்குப் பல நாள் முன்பே, யாருக்கும் தெரியாமல், பலகையை இழைத்து வைத்திருந்தாள். பழைய தேக்கு, தேன் நிறத்தில் ரேகை ஓடியது. ஆனால் மூலைகள்தான் அவளைப் படுத்தியெடுத்தன. நாலு பக்கப் பலகைகளையும் ஆணி இல்லாமல், ஓரங்களில் பல் பல்லாக வெட்டி, பல்லோடு பல் கோத்து நிறுத்த வேண்டும். முன்பெல்லாம் பாட்டுக் கேட்டுக்கொண்டே வெட்டுகிற பற்கள், இப்போது ஒவ்வொன்றும் அவளோடு மல்லுக்கு நின்றன. உளி வழுக்கியது. ஒரு பல் உடைந்தது. கெட்டுப்போன பலகைகளை அடுப்புக்குப் போட்டுவிட்டு, வாய்க்குள் மேடத்தைத் திட்டிக்கொண்டு, மறுபடி வெட்டினாள். மூடிக்கு மேலே வெள்ளை மரத்தைச் சின்னச் சின்ன உருண்டையாகச் செதுக்கிப் பதித்தாள். பட்டறைப் பாலிஷ்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "என்னக்கா இது, முத்தா?" என்று கேட்டார்.

"பட்டாணி" என்றாள் பாப்பா.

இப்படிப்பட்ட பெட்டிக்கு ஒரு முறை உண்டு. மூடியைத் தனியாகச் செய்ய மாட்டார்கள். ஆறு பக்கமும் அடைத்து, திறக்கவே வழியில்லாத ஒரு கட்டை மாதிரி முதலில் ஒட்டிவிட வேண்டும். பசை காய்ந்த பிறகு சுற்றிலும் கோடு போட்டு, அந்தக் கோட்டிலேயே அறுத்து மூடியைப் பிரிக்க வேண்டும். அப்போதுதான் மூடியின் ரேகையும் பெட்டியின் ரேகையும் விட்டுப்போகாமல் ஓடும். அதுவரை பட்ட பாடெல்லாம் அந்த ஒரு அறுப்பில் இருக்கிறது. ரம்பம் போகிற இடத்தில் மூலைப் பல் பாதியாகிவிடக் கூடாது என்பதற்காக, அங்கே மட்டும் ஒரு பல்லை அகலமாக விடுவார்கள். பாப்பா வழக்கத்தைவிட இரண்டு மடங்கு அகலமாக விட்டிருந்தாள். கை ஆடினால் தாங்க இடம் வேண்டுமே. தன் கையைப் பற்றி அவளுக்கு ஒன்றும் மயக்கம் கிடையாது.

பென்சில் கோடு போட்டு, மேசைமேல் வைத்துவிட்டு, அவள் கடைசிப் பயிற்சிக்குப் போய்விட்டு வந்தாள். வந்து பார்த்தால் பெட்டி திறந்து கிடந்தது.

அவள் போட்ட கோட்டிலேயே, நூல் பிடித்த மாதிரி, மயிரிழை பிசகாமல் அறுபட்டிருந்தது. மெஷின் வேலை. பக்கத்தில் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு, பரிசு வாங்கப்போகிறவர் முகத்தோடு நின்றிருந்தார்.

"இது ஒண்ணுதானே பாக்கி இருந்துச்சு. ரெண்டு நிமிஷ வேலை. நீ எதுக்குக் கஷ்டப்படணும்னு நானே…"

பாப்பாவுக்கு அழுகை வந்தது, அதை முந்திக்கொண்டு ஆத்திரம் வந்தது.

"யாரைக் கேட்டு இதைத் தொட்டீங்க?"

"நல்லாத்தானே வந்திருக்கு பாப்பா! எங்கயாவது ஒரு குறை சொல்லு பாப்போம்!"

"குறையே இல்ல. அதான் குறை. இதுக்குக் கடிகாரத்தையே குடுத்திருக்கலாம்!"

பட்டறையில் ரம்பச் சத்தம், சுத்தியல் சத்தம் எல்லாம் நின்றுவிட்டது. பாலிஷ்காரர் துணியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அண்ணன் குரலைத் தாழ்த்தினார்.

"நீ ரம்பத்தைக் கையில எடுத்தாலே எனக்குப் பயமா இருக்கு. அன்னிக்கு அவசரத்துல அந்த மெஷினோட பாதுகாப்புத் தடுப்பைக் கழட்டி வெச்சது நான்தானே. நான் எப்படி நிம்மதியா இருப்பேன் சொல்லு?"

இத்தனை மாதத்தில் அவர் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. பாப்பாவுக்கு மனசு இளகத்தான் செய்தது. ஆனால் இளகினால் மேசை போய்விடும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"சரி. தடுப்பைக் கழட்டினது நீங்கதான். அப்போ வாசல்ல போய் போன் எடுக்க வேண்டியதும் நீங்கதான். என்னை எதுக்கு உக்காரச் சொல்றீங்க?"

யாரோ பின்னால் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். அண்ணன் வெளியே போய்விட்டார்.

பாப்பா பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மெஷின் ரம்பம் தூளாக்கித் தின்ற இடைவெளியை நிரப்பாமல் மூடியை அப்படியே ஒட்டினால் ரேகை தப்பிவிடும். அவள் வெள்ளை மரத்தில் மெல்லிய பட்டைகளைச் சீவினாள். மெஷின் எவ்வளவு தின்றதோ அதே கனம். அவற்றைப் பெட்டியின் விளிம்பைச் சுற்றி ஒட்டினாள். அதன்மேல் மூடியை வைத்துப் பசை போட்டு, கிளாம்பில் இறுக்கினாள்.

"அக்கா! திறந்ததைத் திரும்ப மூடிட்டீங்களே!" என்று பாலிஷ்காரர் தலையில் கைவைத்தார்.

"மூடினாத்தானே நான் அறுக்க முடியும்" என்றாள் பாப்பா.

பசை காய்ந்ததும் வெள்ளைப் பட்டைக்கு ஒரு நகத்தின் அகலம் கீழே புதுக் கோடு போட்டாள். அகலமாக விட்ட பல்லில் அதற்கும் இடம் இருந்தது. பட்டப்பகலில், ஆட்கள் எல்லோரும் பார்க்க, ஜன்னலோர மேசையில் பெட்டியை இறுக்கிவிட்டுச் சின்னப் பல் ரம்பத்தை எடுத்தாள். எப்போது வந்தாரோ, அண்ணன் கதவருகே நின்றுகொண்டிருந்தார்.

முதல் பக்கம் ஒழுங்காகப் போனது. இரண்டாவதில் விரல் வலிக்க ஆரம்பித்தது. மூன்றாவது பக்கம் நடுவில் சுண்டு விரல் சொன்ன பேச்சைக் கேட்காமல் நழுவி, ரம்பம் கீழே இறங்கிவிட்டது. அண்ணன் ஓரடி முன்னால் வந்தார். அவள் நிமிராமலேயே இடது கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள். பிடியை மாற்றினாள். ஆள்காட்டி விரலை ரம்பத்தின் முதுகோடு நீட்டிவைத்து, விறைத்த விரல்களைத் தம் பாட்டுக்கு விட்டுவிட்டு, மெதுவாகக் கோட்டுக்கு ஏற்றினாள். வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கவில்லை. நாலாவது பக்கம் முடிந்து மூடி கையோடு வந்தபோது அவள் ரம்பத்தைக் கீழே வைத்தாள்.

ஒரு பக்கம் மட்டும் லேசாக அலை ஓடியிருந்தது. இழைப்புளியால் இரண்டு தள்ளு தள்ளினால் போய்விடும். அவள் தள்ளவில்லை. உப்புத்தாளால் பிசிறை மட்டும் தேய்த்துவிட்டு மூடியை வைத்துப் பார்த்தாள். மேலே அலை, கீழேயும் அதே அலை. ஒன்றோடு ஒன்று கச்சிதமாக உட்கார்ந்தது. திருப்பிவைத்தால் மட்டும் உட்காராது.

சனிக்கிழமை அவள் பெட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பியபோது, அண்ணனும் செருப்பை மாட்டினார். எதற்கு வருகிறார் என்று அவளுக்குத் தெரியும். தான் சொல்லி எடுபடாததை மேடம் வாயால் சொல்லவைக்கலாம் என்று வருகிறார். வரட்டும் என்று விட்டுவிட்டாள்.

மேடம் பெட்டியை வாங்கி மேசைமேல் வைத்தாள். மூடியில் கையை ஓட்டினாள். "இது… பட்டாணியா?" என்றாள். ஜெயிலர் முகத்தில் சிரிப்பைப் பாப்பா அன்றுதான் பார்த்தாள்.

"சுத்தி வெள்ளையா ஒரு கோடு போகுதே. ரொம்ப அழகா, நேரா இருக்கு."

"டிசைன் மேடம்" என்றார் அண்ணன் அவசரமாக.

"டிசைனும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றாள் பாப்பா. "அது எங்க அண்ணன் மெஷின்ல அறுத்தது. ஒட்டிட்டேன். கீழ இருக்கு பாருங்க, கொஞ்சம் ஆடின மாதிரி ஒரு கோடு, அது நான் அறுத்தது. பெட்டி அங்கதான் திறக்கும்."

மேடம் கீழ்க்கோட்டில் நகத்தை வைத்துத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். அலை ஓடிய இடத்தில் அவள் விரல் நின்றது.

அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "நீங்களே சொல்லுங்க மேடம். நீங்க சொன்னா இவ கேப்பா. இந்தக் கையை வெச்சுக்கிட்டு இவ இனிமே பட்டறையில நிக்கலாமா, கூடாதா?"

மேடம் பாப்பாவின் வலது கையைத் தன் இரண்டு கையிலும் எடுத்துக்கொண்டாள். விறைத்த விரல்களை மடக்கிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"மேடம்" என்றாள் பாப்பா. "நான் கேக்க வரல. நன்றி சொல்லிட்டுப் போக வந்தேன்."

மேடம் சொல்லவந்ததை விழுங்கிவிட்டு அந்தக் கையை ஒரு தடவை அழுத்திக் கொடுத்தாள். பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, "உங்களுக்கு வேற ஏதாவது கேக்கணுமா?" என்றாள்.

அண்ணன் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, அந்த ஆடின கோட்டில் ஒரு தடவை திறந்து மூடினார்.

"ஆமா மேடம். ஜன்னலோரம் இவ மேசை இருக்கு, கொஞ்சம் உயரம். இந்தக் கைக்கு அது எவ்வளவு உயரம் இருந்தா நல்லது? சொன்னீங்கன்னா நாளைக்கே மேசைக் காலைக் குறைச்சுக் குடுத்துடுவேன்."

"உயரத்தை மட்டும் கேட்டுக்கிட்டு வாங்க" என்று பாப்பா எழுந்தாள். "குறைக்கறதை நான் குறைச்சுக்கறேன்."