மல்சூன் நிரப்பிய தாள்

மல்சூனுக்குக் கத்தி என்றால் தண்ணீர் பட்ட பாடு. தொங்யோங் துறைமுகத்துச் சிப்பி திறக்கும் கொட்டகையில் முப்பத்தெட்டு வருடம் இடது கையால் கத்தி பிடித்தவள். அவள் திறந்த சிப்பிகளை அடுக்கினால் ஒரு தீவே எழும்பும். விரலில் மட்டும் ஒரு கீறல் கிடையாது. ஆனால் யானைக்கும் அடி சறுக்குமே! அவளுக்குச் சறுக்கியது பென்சில் சீவும்போது.

நூலகத்து மாடியில், எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கான வகுப்பு. மேஜை மேல் சீவும் இயந்திரம் சும்மா கிடந்தது. "அது பென்சிலைத் தின்னுடும் டீச்சர்" என்று கத்தியை எடுத்தவள், பென்சில் பிடித்திருந்த வலது கை ஆள்காட்டி விரலைப் பிளந்துகொண்டாள்.

ஆசிரியை ஆரினுக்கு இருபத்தாறு வயது, வேலைக்கு வந்து எட்டு மாதம். வெட்டுப்பட்டது அறுபத்தோரு வயது மாணவிக்கு. முகம் வெளுத்தது ஆசிரியைக்கு. துண்டைச் சுற்றி, டாக்சி பிடித்து, மல்சூனைத் தள்ளாத குறையாக ஏற்றினாள்.

"ஆஸ்பத்திரி எதுக்கு டீச்சர்? கொஞ்சம் சோஜு சாராயம் ஊத்திக் கட்டினா ரெண்டு நாள்ல ஆறிடும்."

"தையல் போடணும்மா. தையலுக்கா பயப்படறீங்க?"

"தையலாவது ஒண்ணாவது! அங்க தாள் குடுப்பாங்களே, அதுக்குத்தான் பயம்."

பிறகு அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். பேங்குக்கோ வார்டு ஆபீசுக்கோ போவதென்றால், முதல் நாளே வலது கையில் கட்டுப் போட்டுக்கொள்வாளாம். ஒரு காயமும் இல்லாத கையில். 'கை வலிக்குது தம்பி, கொஞ்சம் எழுதிக் குடு' என்றால் யாரும் மாட்டேன் என்று சொன்னதில்லையாம். நாற்பது வருடம் இந்த நாடகம். சொந்த மகனுக்கே தெரியாது.

"இன்னிக்கு நாடகம் வேண்டாம், நிஜமாவே வெட்டு. நான் எழுதிடறேன்" என்றாள் ஆரின். மல்சூன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவசர சிகிச்சைப் பிரிவின் பதிவு மேஜையில் இருந்த இளைஞன் நல்லவன். துண்டில் ரத்தத்தைப் பார்த்ததும் நீட்டிய தாளைத் தன் பக்கமே இழுத்துக்கொண்டான். "அடடா, எழுதற கையாச்சே! நானே எழுதிக்கறேம்மா. பேரைச் சொல்லுங்க."

நாற்பது வருடம் பொய் சொல்லி வாங்கிய வார்த்தை, இன்று கேட்காமலே வந்து விழுந்தது. ஆரினுக்கு அப்பாடா என்றிருந்தது. ஆனால் மல்சூன் இடது கையைத் தாளின் மேல் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"வேண்டாம் தம்பி. பேனாவைக் குடு."

"இடது கையிலயா?"

"எனக்குச் சோறு போட்ட கை அதுதான்."

வகுப்பில் எழுதியதெல்லாம் வலது கையால். இடது கை இதுவரை ஓர் எழுத்துக்கூட எழுதியதில்லை. பேனாவைச் சிப்பிக் கத்தி மாதிரி பிடித்து, நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு எழுதினாள். பெயரே கட்டத்தை விட்டு வெளியே நடந்தது. முகவரியில் வந்து நின்றுவிட்டாள்.

"சொல்லட்டுமாம்மா?"

"வாயைத் திறக்காதீங்க டீச்சர். காப்பியடிச்ச மாதிரி ஆயிடும்."

ஆரின் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அந்தப் பேனாவைப் பிடுங்காமல் நிற்பது, எட்டு மாதம் பாடம் நடத்தியதைவிடக் கஷ்டமாக இருந்தது.

பின்னால் மலையேறும் உடையில், கால் சுளுக்கிய ஒருவர் நொண்டி நொண்டி எட்டிப்பார்த்தார். "என்னம்மா, பரீட்சையா எழுதறீங்க?"

"ஆமாய்யா, பரீட்சைதான்! சுளுக்கு உங்க காலுக்குத்தானே, வாய்க்கு ஓய்வு குடுங்க."

வரிசையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்து, நாற்காலி தேடி உட்கார்ந்தார்.

தெருப் பெயர் வந்தது. வீட்டு எண் வந்தது. கடைசியில், துணைக்கு வந்தவர் என்ன உறவு என்று ஒரு கட்டம்.

"மருமகளா?" என்றான் இளைஞன்.

"மருமகளா! டீச்சர். என்னோட டீச்சர்." கூடத்துக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு, அதையும் தானே எழுதினாள். கோணல்தான், ஆனால் ஓர் எழுத்தும் பிழையில்லை. ஆரினுக்குப் பெருமை தாங்கவில்லை. அங்கிருந்த ஒவ்வொருவரையும் தோளைத் தட்டி, 'இவங்க என் மாணவி' என்று சொல்லவேண்டும் போலிருந்தது. கண் வேறு கலங்கித் தொலைத்தது.

மல்சூன் தாளை நீட்டினாள். அவன் வாங்க வந்தபோது உடனே விடவில்லை.

"இதை என்ன செய்வீங்க தம்பி?"

"கம்ப்யூட்டர்ல ஏத்திட்டுக் கட்டி வச்சிடுவோம்மா."

"மூணு வருஷம் முன்னாடி என் வீட்டுக்காரர் இங்கதான் இறந்து போனாரு. இதே மேஜையில, கையில கட்டோட நின்னேன். யாரோ எழுதினாங்க. என்ன எழுதியிருந்துச்சுன்னு தெரியாமலே ரேகை வச்சேன். அவரைப் பத்தின கடைசித் தாள் அது. அதுவும் உள்ளதானே இருக்கும்?"

"இருக்கும்மா."

"அதுக்குப் பக்கத்துல இதை வைங்க. அவருக்கும் தெரியட்டும்."

இளைஞன் நாற்காலியை விட்டு எழுந்தான். தலை தாழ்த்தி, இரண்டு கைகளாலும் அந்தத் தாளை வாங்கிக்கொண்டான்.