மூச்சு வாங்கிய இடம்

பாட்டுப் பதிவு செய்கிற அறைக்குச் சன்னல் கிடையாது. சுவரெல்லாம் மெத்தை மாதிரிப் பஞ்சு வைத்து அடைத்திருப்பார்கள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் நம் எச்சிலை நாம் விழுங்குவதுகூட இடி மாதிரிக் கேட்கும். அந்த அறைக்குள்தான் இளையவள் காலையிலிருந்து ஒரே வரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

இளையவள் என்பது ரசிகர்கள் வைத்த பெயர். அண்ணன் மெட்டுப் போட, அண்ணியும் அவளும் சேர்ந்து பாட, குடும்பமாக நடத்திய குழு அது. இரண்டு பெண்களும் மேடையேறினால் போதும், "மூத்தவ, இளையவ" என்று கூட்டம் தொண்டை கிழியக் கத்தும். பேருந்திலும் முடிவெட்டுகிற கடையிலும் அவர்கள் பாட்டு ஓடாத நாள் கிடையாது. அப்பேர்ப்பட்ட குழுவை உதறிவிட்டு வந்து, இப்போது தனியாக ஓர் ஆல்பம் போடுகிறாள்.

எல்லாம் ஒரு பாட்டால் வந்தது. அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, பெயர் வைக்கும் முன்பே கண்ணை மூடிவிட்டது. அந்தத் துக்கத்தை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கிடந்தவள், அதுவரை பாட்டே கட்டியறியாதவள், ஒரு பாட்டுக் கட்டினாள். அண்ணன் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அது நடிப்பில்லை, பாவம். ஆனால் அடுத்த வாரமே அதற்குக் கைத்தட்டலும் டிரம்மும் சேர்த்து, குதித்து ஆடுகிற பாட்டாக்கிக் கொண்டுவந்து வைத்தான்.

"அழுகையைத் திரும்பத் திரும்ப யாரும்மா கேப்பாங்க? ஜனங்க ஆடிக்கிட்டே அழட்டும்" என்றான்.

இளையவள் அண்ணியைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் அந்தக் குழந்தையைக் கடைசியாக மடியில் வைத்திருந்தவள் அண்ணி. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அண்ணியோ தலையைக் குனிந்து மைக் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அந்த வீட்டுப் படியிறங்கியவள்தான் இளையவள், திரும்பிப் போகவில்லை.

ஆகையால் ஆல்பத்தில் மற்றப் பாட்டெல்லாம் எப்படியோ போகட்டும், இந்த ஒன்று அவள் நினைத்தபடி வந்தாக வேண்டும். வராவிட்டால் அண்ணன் சொன்னதே சரி என்றாகிவிடும். அந்தப் பிள்ளைக்கென்று உலகத்தில் இருக்கிற ஒரே பொருளும் கைவிட்டுப் போய்விடும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பதிவு செய்பவள் வயதில் மூத்த அம்மாள். மனசு வெல்லம், நாக்கு மட்டும் மிளகாய்.

"என்னடி இது, பாடுறியா, மாடிப்படி ஏறுறியா?" என்று அவள் குரல் ஹெட்போனில் வந்தது. "அதே எடத்துலதான் உடையுது. 'கூப்பிட ஒரு பேரில்லாமல்'னு வருதுல்ல, அந்த 'லா'வை இழுக்கறப்ப நடுவுல மூச்சு வாங்குற. வரி ரெண்டாப் பொளந்துபோகுது."

"எனக்கும் தெரியுதுக்கா. இத்தனை வருஷமாப் பாடுறேன், இப்படி மூச்சு முட்டினதே கிடையாது."

"அது சரி, அந்த எடத்துக்கு வர்றப்ப உன் முழங்கை ஏன் ஆடுது?"

இளையவள் குனிந்து தன் இடது கையைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

குழுவில் மூச்சுச் சத்தம் கேட்கவே கூடாது என்பது அண்ணன் போட்ட சட்டம். எவ்வளவு நீளமான வரியானாலும் ஒரே இழையாக ஓட வேண்டும். அதற்காக அவளும் அண்ணியும் ஒரு வழி வைத்திருந்தார்கள். மூச்சு தீரப்போகிறவள் முழங்கையால் பக்கத்தில் நிற்பவளை லேசாக இடிப்பாள். மற்றவள் வரியைத் தாங்கிப் பிடிப்பாள், இவள் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்துகொள்வாள். கேட்கிற யாருக்கும் தெரியாது.

யாருமில்லாத வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு கட்டிய பாட்டு. அதையும் இரண்டு பேர் பாடுகிற மாதிரியே கட்டியிருக்கிறாள்.

ஆல்பத்தை வெளியிடுகிற கம்பெனிக்காரர் எட்டிப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இவ்வளவுதானா? உங்க குரலையே இன்னொண்ணு பதிஞ்சு பின்னால ஒட்டிட்டாப் போச்சு" என்றார். ஒட்டிப் பார்த்தார்கள். வரி எண்ணெய் விட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது.

"வேண்டாங்க. எனக்கு நானே துணைக்கு வந்து நிக்கிற மாதிரி இருக்கு. கேக்கவே பயமா இருக்கு."

"வரியைக் குறைச்சிடேன்" என்றாள் அம்மாள்.

குறைத்தும் பாடினாள். பாட்டு நொண்டியது.

"அண்ணியைத்தான் ஒரு தடவை கூப்பிட்டுப் பாரேன்."

"கூப்பிட்டு வர்ற குரல்னா அன்னிக்குக் கூப்பிடாமலே வந்திருக்கும்க்கா." மைக்கை வாய்க்கு நேராகத் திருப்பிக்கொண்டாள். "மூச்சு கேக்கட்டும். வெட்டாதீங்க. அந்த எடத்துல ஆள் இல்லைங்கறது தெரியட்டும்."

"பாடத் தெரியாதவள்னு சொல்லுவாங்க" என்றார் கம்பெனிக்காரர்.

"சொல்லட்டும்."

மறுபடி பாடினாள். அந்த இடம் வந்ததும் மறைக்காமல், நிதானமாக மூச்சை இழுத்தாள். பதிவு முடிந்த பிறகும் அம்மாள் பொத்தானை அமுக்க மறந்து உட்கார்ந்திருந்தாள்.

ஆல்பம் வந்தது. கம்பெனிக்காரர் வாக்குப் பொய்க்கவில்லை. "தனிக்குடித்தனம் போனா மூச்சு வாங்கத்தான் செய்யும்" என்று வானொலியில் ஒருவன் கிண்டலடித்தான். சிலர் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டதாகவும் சொன்னார்கள். இளையவள் இரண்டையும் காதில் போட்டுக்கொண்டு, தன் வேலையைப் பார்த்தாள்.

ஒரு மத்தியானம் உலை வைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"நான்தான்டி."

"சொல்லுங்க அண்ணி."

"எனக்குப் பேச வரல. கேளு" என்றாள் அண்ணி.

அங்கே பாட்டு ஓடத் தொடங்கியது. தன் குரலே தூரத்திலிருந்து வருவதை இளையவள் கேட்டுக்கொண்டு நின்றாள். 'கூப்பிட ஒரு பேரில்லா' என்று இழுத்து, மூச்சு வாங்குகிற இடம் வந்தது. அங்கே அண்ணியின் குரல் வந்து நின்றது. சத்தமாக இல்லை. பிள்ளையின் தலைக்கடியில் கை கொடுக்கிற மாதிரி வரியைத் தாங்கி, திரும்ப இவளிடமே கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது.

எங்கோ உள்ளறையிலிருந்து அண்ணன் குரல் கேட்டது. "சுருதி கொஞ்சம் ஏறுது பாரு."

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் அண்ணி. போனைப் பொத்திக்கொள்ளாமலே சொன்னாள்.

அண்ணி அண்ணனிடம் அப்படிப் பேசி இளையவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

பாட்டின் முடிவில் அந்த வரி இன்னொரு முறை வரும். உலை கொதித்துச் சத்தம் போட்டது. இளையவள் அடுப்பை அணைத்துவிட்டு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அதற்காகக் காத்து நின்றாள்.