எஞ்சின் ஆறும்வரை

அருகே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஸ்ரீரங்கத்து ஹம்ஸாவின் கதையைச் சொல்கிறேன். நடுவில் எழுந்து போகக் கூடாது, ஆமாம்.

ஹம்ஸா கணவரின் மேல் கிடந்த மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். வெங்கட்ராகவன் விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். அரியமங்கலத்திலிருந்து மெக்கானிக் ஆசீர் வந்து ஓரமாக நின்றார்.

“கட்டிண்டவளைவிட அந்த ஓட்டை பியட் காரைத்தான் ஜாஸ்தி சீராட்டினார்,” என்று மூக்கைச் சிந்தினாள் பக்கத்து வீட்டு வத்ஸலா.

ஹம்ஸா ஆசீரைக் கிட்டே கூப்பிட்டாள். “ஞாயித்துக்கிழமைன்னா காத்தால போய் மத்தியானம்தான் வருவார். ‘எஞ்சின் ஆறினாத்தான்டி ட்யூனிங். அதுவரைக்கும் ஆசீர் ஷெட்டுல உக்காந்திருந்தேன்’னுவார். அத்தனை நேரம் என்ன பேசிண்டிருப்பார்? சொல்லுங்கோ, கேக்கணும்போல இருக்கு.”

ஆசீர் விழித்தார். “ஆறினப்புறமா? இல்லம்மா. பழைய எஞ்சினை நல்லா சூடேத்தித்தான் ட்யூன் பண்ணணும். ஆறிக் கெடக்கறப்ப கார்புரேட்டரைத் திருகி வெச்சா, சூடானதும் எல்லாம் மாறிடும். அரை மணி நேர வேலைதான். சாரும் வருஷத்துக்கு ரெண்டு தடவைதாம்மா வருவாரு. வெயிலுக்கு ஒண்ணு, மார்கழிக் குளிருக்கு ஒண்ணு.”

ஹம்ஸா மாலையிலிருந்து கையை எடுத்தாள்.

வாசலில் சலசலப்பு. மகள் கோதா வந்து நின்றாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் பொன்மலை ரயில்வேயில் வேலை பார்க்கும் கிறிஸ்தவரைக் கல்யாணம் செய்துகொண்டு போனவள். “அவளைப் போய்ப் பார்த்தியோ, அப்புறம் என் பொணத்தைத்தான் பார்ப்பே” என்று அன்றைக்கே ஹம்ஸாவிடம் சத்தியம் வாங்கிவிட்டார் வெங்கட்ராகவன். ஹம்ஸா ஒரு நாளும் அதை மீறவில்லை. மகளின் போட்டோவைக்கூடப் புடவைகளுக்கு அடியில் ஒளித்துவைத்துத்தான் பார்த்தாள்.

“போன ஞாயித்துக்கிழமைகூட நன்னாத்தானேம்மா இருந்தார்,” என்று விம்மினாள் கோதா. “ரெண்டு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரே.”

“எங்கே?”

“எங்காத்துலதான். வாரம் தவறாம வருவாரே. அம்மாவையும் அழைச்சுண்டு வாங்கோப்பான்னு எத்தனை தடவை கேட்டிருப்பேன்! நீதான் என் மூஞ்சில முழிக்க மாட்டேன்னுட்டியாமே.”

“நானா?”

ஹம்ஸா மகளின் கன்னத்தில் ஒரு விரலை மட்டும் வைத்துப் பார்த்தாள்.

“மாமி, வாய்க்கரிசி போடுங்கோ, நாழியாறது,” என்றாள் வத்ஸலா.

ஹம்ஸா அரிசியை அள்ளினாள். மூடிய கை அவர் வாயருகே போய் நின்றது. எல்லோரும் காத்திருந்தார்கள். விரல்கள் திறக்கவில்லை.

நன்றாயிருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் பிள்ளையைப் பார்க்கக் கிளம்பும் நாளில், அப்பாவும் அம்மாவும் ஒரே வண்டியில் போகட்டும்.