கனகா வைத்த காசு

கனகா இறந்து எட்டு மாதம் கழித்துத்தான் சுடலை அவளுடைய நாணய ஆல்பத்தைக் கையில் எடுத்தார். அதுவும் அவராக எடுக்கவில்லை. அவள் உறுப்பினராக இருந்த நாணயச் சங்கத்தின் செயலாளர் இந்துப்ரியா மூன்று முறை போன் செய்துவிட்டார்.

பழங்காநத்தத்தில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில், மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, வெளிநாட்டு நாணயம் சேர்க்கிறவர்கள் பத்துப் பதினைந்து பேர் கூடுவார்கள். ஆளுக்கு ஒரு காசை நீலத் துணி மேல் வைத்து, அது தனக்கு ஏன் பிடிக்கும் என்று சொல்ல வேண்டும். உறுப்பினர் யாராவது தவறிவிட்டால் வீட்டார் வந்து, அவருக்கு ரொம்பப் பிடித்த காசை வைத்து, காரணத்தைச் சொல்லி, அதைச் சங்கத்துக்கே விட்டுவிட்டுப் போவது அங்கே வழக்கம்.

கனகாவுக்கு எந்தக் காசு பிடிக்கும் என்பது சுடலைக்குத் தெரியாது. முப்பத்தொரு வருஷம் ஒன்றாக வாழ்ந்தவர்கள். குழம்பில் உப்புக் கூடினால் அவளுக்கு எதில் கோபம் வந்தது என்று கண்டுபிடித்துவிடுவார். இது மட்டும் தெரியாது. ஒவ்வொரு மாதமும் அவள் கூப்பிட்டிருக்கிறாள், சும்மாவாவது வந்து உட்காருங்கள் என்று. இருபத்தெட்டு வருஷம் டவுன் பஸ்ஸில் கண்டக்டராகக் காசு வாங்கிக் கை கறுத்துப்போனவனை ஞாயிற்றுக்கிழமையும் காசு பார்க்கக் கூப்பிடுகிறாயே என்று அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு படுத்துவிடுவார்.

அவள் சேர்க்க ஆரம்பித்ததே அவருடைய பையிலிருந்துதான். கூட்ட நேரத்தில் யாராவது இலங்கைக் காசையோ சிங்கப்பூர்க் காசையோ கையில் திணித்துவிட்டு இறங்கிவிடுவார்கள். டிப்போவில் அது செல்லாது. தன் கையிலிருந்து போட்டு ஈடு கட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து அதை டிவி மேல் விட்டெறிந்து திட்டித் தீர்ப்பார். கனகா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, காசை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். பிறகு அவளாகவே மாற்றி வாங்கவும் கற்றுக்கொண்டாள்.

சனிக்கிழமை கோச்சடை வீட்டில் தரையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினார். அயர்லாந்துப் பென்னி ஒன்றில் கை நின்றது. தாய்க்கோழியும் சுற்றிலும் குஞ்சுகளும். கனகா திருவாதவூர்க்காரி. கல்யாணமாகி வரும்போதே கூடையில் மூன்று கோழியோடு வந்தவள். அந்தக் கோழிகளுக்காகப் பக்கத்து வீட்டோடு நான்கு வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தவள். இதுதான், வேறென்ன. ஆனால் காசு கருப்பட்டி நிறத்தில் மங்கிக் கிடந்தது. அவள் பேரில் சபையில் வைப்பதை இப்படியா கொண்டுபோவது? வெள்ளிக்கிழமை விளக்குத் துலக்கிய புளி மிச்சம் இருந்தது. சாம்பலும் சேர்த்து, குஞ்சுகளின் மூக்கு தெரிகிற வரைக்கும் தேய்த்தார். காசு புதுக் குத்துவிளக்கு மாதிரி ஜொலித்தது. ரொம்ப நாள் கழித்து அவளுக்கு ஏதோ செய்துவிட்டாற்போல இருந்தது.

மறுநாள் ஆல்பத்தோடு போனார். காசை வைத்து, ஆல்பத்தையும் கொடுத்துவிட்டு, இந்தக் கணக்கை முடித்துக்கொண்டு வந்துவிடுவது என்ற எண்ணம்.

முதலில் லேத் பட்டறை இம்மானுவேல் ஜப்பானின் ஐந்து யென்னை வைத்தார். நடுவில் ஓட்டை. ஓட்டையைச் சுற்றிப் பற்சக்கரம், மேலே நெற்கதிர், கீழே தண்ணீர். வயல்காரனையும் கடல்காரனையும் போட்ட காசு பட்டறைக்காரனையும் மறக்கவில்லை, அதனால் பிடிக்கும் என்றார். அடுத்து, சேலை மொத்த வியாபாரி ஜனகராஜ் மலாயாவின் சதுரக் காசை வைத்தார்.

"இது உருண்டு ஓடாது. எங்க வீட்ல மத்த எல்லாக் காசும் உருண்டு ஓடிருச்சு, இது ஒண்ணுதான் நின்னுச்சு."

"மாப்ள, காசு ஓடல, உன் கைதான் ஓட்டக்கை," என்றார் இம்மானுவேல். எல்லோரும் சிரித்தார்கள்.

சுடலை தன் காசை வைத்தார். சிரிப்பு நின்றது. ஜனகராஜ் விளிம்பைப் பிடித்து ஒருமுறை தூக்கிப் பார்த்து, சத்தமில்லாமல் திரும்ப வைத்தார். இம்மானுவேல் ஜன்னல் பக்கம் பார்த்தார். யாரோ செத்த வீட்டில் தப்பாக ஏதோ கேட்டுவிட்டது போல இருந்தது சுடலைக்கு.

"கழுவினீங்களாண்ணே?" என்று இந்துப்ரியா தணிந்த குரலில் கேட்டார்.

பழைய காசை யாரும் தேய்க்க மாட்டார்கள் என்று அவர்தான் எடுத்துச் சொன்னார். எண்பது வருஷமாகக் கைபட்டுக் கைபட்டு ஏறிய நிறம்தான் அதன் அழகு. போனால் திரும்ப வராது. சுடலை தன் விரல்களைப் பார்த்தார். நகக்கண்ணில் இன்னும் புளி இருந்தது.

"அவ ஆசையா வச்சிருந்த ஒண்ணயும் நானே கெடுத்துப்புட்டேன்," என்றார்.

"இது அக்காவுக்குப் பிடிச்ச காசு இல்லண்ணே." இந்துப்ரியா ஆல்பத்தை வாங்கி, கடைசிப் பக்கத்திலிருந்து ஒரு தாய்லாந்துக் காசை எடுத்தார். பத்து பாட். "சேர்ந்த அன்னைக்கு இதத்தான் வச்சாங்க. அதுக்கப்புறம் எத்தன வாங்கினாலும், எது பிடிக்கும்னு கேட்டா இதத்தான் காட்டுவாங்க."

சுடலைக்கு அதை அடையாளம் தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது.

"நீங்க இத ஏமாந்து வாங்கிட்டதா வீட்ல சொன்னீங்களாம். அக்கா நம்பல. நம்ம பத்து ரூபாய்க்கு வெளியே மஞ்சள், நடுவுல வெள்ளை. இது நேர்மாறா இருக்கு. கண்ண மூடிக்கிட்டே ஒரு ரூவா எது ரெண்டு ரூவா எதுன்னு சொல்ற மனுசனுக்கா இது தெரியாம போச்சு, யாருக்கோ பாவம் பாத்து வாங்கிட்டு வந்து எங்கிட்ட மறைக்கிறாருன்னு சொன்னாங்க. அதான் பிடிக்குமாம்."

சுடலை துணியைப் பார்த்தபடியே சொன்னார். பஸ்ஸின் காலை நடை. பூக்காரம்மா ஒருத்தி, காலிக்கூடையோடு ஏறினாள். ஒரு வெள்ளைக்காரம்மா பூ வாங்கிவிட்டு மீதிகூட வேண்டாம் என்று போய்விட்டாள் என பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு இந்தக் காசை நீட்டினாள்.

"அந்தச் சிரிப்பப் பாத்துக்கிட்டு செல்லாதுன்னு எப்படிச் சொல்ல? டிக்கெட்டக் கிழிச்சுக் குடுத்து, மீதியும் குடுத்துட்டேன். வீட்ல சொன்னா கிறுக்கன்னு வைவாளேன்னுட்டு..." நிறுத்தினார். "எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலையே அவ."

"கேட்டா இல்லன்னுதான் சாதிப்பாருன்னாங்க."

ஜனகராஜ் மெல்ல இருமினார். வழக்கப்படி காசு சங்கத்தில் இருக்க வேண்டும் என்பதை அவர் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னார். இந்துப்ரியா அவரை முறைத்தார். சுடலை காசை எடுத்தார், ஜனகராஜ் பிடித்ததைப் போலவே இரண்டு விரலால், விளிம்பில்.

"இத விட்டுட்டுப் போக முடியாது. அடுத்த மாசமும் நானே கொண்டு வாரேன். அதுக்கடுத்த மாசமும்."

நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, அடுத்த ஆள் என்ன வைக்கப்போகிறார் என்று பார்த்தார்.