ரத்தினம்மாளின் பங்கு

ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் பனி படியப் படியக் கனிமொழி துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்தால்தான் அம்மாவின் முகம் தெரிந்தது. வாசலிலிருந்து சுப்புராயன் கூப்பிட்டார். கடலூரில் மாமாவின் முந்திரிக் கம்பெனிக்கு மேனேஜர். சாவு வீட்டுக்கு வந்தவர் கையில் மாலை இல்லை, ஃபைல் இருந்தது.

"மாமா கீழ வீதி முனையில கார்ல உக்காந்துருக்காரும்மா. கோடிப் புடவையும் வச்சிருக்காரு. கேஸ வாபஸ் வாங்கறேன்னு இதுல ஒரு கையெழுத்துப் போட்டா அடுத்த நிமிஷம் வந்துருவாரு."

கேட்கிற நேரமா இது! வேறொரு நாளாக இருந்தால் ஃபைலைத் தெருவில் வீசியிருப்பாள்.

தாத்தா உத்திராபதி கம்பெனியைத் தொடங்கியபோது நூற்றுக்குப் பதினைந்து பங்கை மகள் ரத்தினம்மாள் பேரில் எழுதிவைத்தார். அவர் போனதும் மாமா ராஜமாணிக்கம் புதுப் பங்குகளைத் தன் பேரிலும் மகன் பேரிலும் போட்டுக்கொண்டார். பதினைந்து மூன்றாகிவிட்டது. அதை முடிவு செய்த கூட்டத்துக்குத் தபாலில் அழைப்பு அனுப்பினோம் என்று சாதித்தார்கள். ஒரு கார்டுகூட வந்ததில்லை. சின்னப் பங்குதாரரை இப்படி நசுக்கினால் கேட்பதற்குச் சென்னையில் கம்பெனி லா போர்டு இருக்கிறது என்று வக்கீல் சொல்ல, அம்மாவும் ஒற்றை மகளும் நாலு வருஷம் பஸ் ஏறினார்கள். அடுத்த மாதம் கடைசி விசாரணை. அதற்குள் அம்மாவுக்கு மாரடைப்பு. வாரிசாக நீங்களே வழக்கை நடத்தலாம் என்று காலையில்தான் வக்கீல் போனில் சொன்னார்.

எப்போதோ போய்விட்ட அப்பாவின் அக்கா தில்லையம்மாள் வந்து கையைப் பிடித்தாள். "பொறந்த வீட்டுக் கோடி இல்லாம எப்படிடி எடுக்கறது? ஊரே ஏசும். போட்டுத் தொலையேன்."

சுற்றியிருந்த பெண்கள் தலையாட்டினார்கள். பாவி மனசு, அவளுக்கும் சபலந்தான். நேற்று ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்க வாங்க அம்மா வழக்கைப் பற்றிக் கேட்கவில்லை. "அண்ணன் வந்துச்சா?" என்றுதான் கேட்டாள்.

சுப்புராயனிடம் பேனாவை வாங்கிக்கொண்டு தெருமுனைக்கு நடந்தாள். ஃபைலோடு அவர் பின்னால் வந்தார். ஒரு கையெழுத்துதானே, அம்மாவிடம் அண்ணன் வந்துவிடுவார். கார்க் கண்ணாடி இறங்கியது. மாமா அழுதிருந்தார், நடிப்பில்லை, கண் வீங்கியிருந்தது. மடியில் புடவைப் பை.

"போட்டுட்டியாம்மா?" என்றார்.

எப்போது உயிர் போனது என்றுகூடக் கேட்கவில்லை.

"கேஸ் கெடக்கட்டும் மாமா. வந்து ஒருவாட்டி மூஞ்சியப் பாத்து, கோடியப் போட்டுட்டுப் போங்க."

மாமா சுப்புராயனைப் பார்த்தார். பிறகு பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

கனிமொழி பேனாவைச் சுப்புராயனிடமே கொடுத்துவிட்டுத் திரும்பினாள். அகலமான கீழ வீதியில் கோயிலுக்குப் போகிறவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். இனி தனக்கென்று உலகத்தில் ஒருத்தரும் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. வாய்விட்டு அழுதுகொண்டே வீடு வந்தாள்.

பீரோவைத் திறந்து, போன தீபாவளிக்கு எடுத்து இன்னும் மடிப்புக் கலைக்காத தன் புடவையை எடுத்தாள். பெட்டியைத் திறக்கச் சொன்னாள்.

"ஏய், அது பொறந்த வீட்டுக்காரங்க போடறதுடி. நீ எந்த மொறையில போடற?" என்று தில்லையம்மாள் தடுத்தாள்.

"தாத்தா கம்பெனியில அம்மாவோட பங்கு இன்னிலேருந்து எனக்கு, அத்தை. அவுங்க பொறந்த வீடுன்னு இப்ப நாந்தான் வந்துருக்கேன். தள்ளுங்க."

பெட்டியைத் திறந்தார்கள். புடவையை அம்மாவின் மேல் விரித்தாள். புது மடிப்பு படியாமல் நெஞ்சருகே தூக்கிக்கொண்டு நின்றது. பக்கத்தில் உட்கார்ந்து, அது படியும்வரை உள்ளங்கையால் நீவிக்கொண்டிருந்தாள்.